மலையற்ற நிலமும் மலைப்படமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஒரு கமராக் கருவி வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாடு மலையற்ற நிலம். மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் செம்மண்ணும் மணலும் படிந்து உருவாகி, பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்துக்கு மேல் எழாத இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரியில் பெருகிக் கோடையில் அடங்கிவிடும் வழுக்கியாறு ஒன்றே ஆறெனப் பெயர் பெற்றது. அதே தீவின் நடுப்பகுதியிலோ பீதுருதாலகால 2,524 மீற்றரும் சிவனொளிபாதமலை 2,243 மீற்றரும் உயர்ந்து நிற்கின்றன. மலையைப் படம்பிடிக்கச் செல்பவர் எந்தக் கமராவை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்ற கேள்வி நிழற்படக் கலை தோன்றிய நாளிலிருந்தே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அக்கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்ட விடையை நீர், வெப்பம், சுமை, ஒளி ஆகிய நான்குமே முடிவுசெய்தன. இந்நான்கிலும் மலைநாட்டுக்கு நேரெதிரான இயல்புடைய குடாநாட்டை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் கருவித் தெரிவு என்பது எவ்வளவு தூரம் நிலத்துக்குக் கட்டுப்பட்டது என்பது தெளிவாகும்.

தாளும் கண்ணாடியும்

1839இல் பிரான்சில் தாகர் வெளியிட்ட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரேயொரு படமே கிடைத்தது. அதைப் படியெடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையோ வெள்ளி உப்பு ஏற்றிய தாளில் முதலில் ஓர் எதிர்மறைப் படத்தை, அதாவது ஒளியும் நிழலும் இடம்மாறிய படத்தை உண்டாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு படிகளை எடுக்க வழி செய்தது. பயணம் செய்வோருக்குத் தாள் வசதியானது. அது உடையாது, பாரமும் இல்லை. 1852 அளவில் இலங்கைக்கு வந்த பிரெட்ரிக் ஃபீபிக் தாளில் பதிவுசெய்து கையால் வண்ணந்தீட்டிய காட்சிகள் இத்தீவைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய நிழற்படங்களுள் அடங்குகின்றன.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்தில் தாளின் பயனை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் லின்னேயஸ் ட்ரைப். 1856இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்ட இவர், 1857ஆம் ஆண்டின் இறுதி முதல் 1858ஆம் ஆண்டின் முற்பகுதி வரை மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களையும் சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை மலைக்கோட்டையையும் படம்பிடித்தார். அவர் பெரிதும் கையாண்டது மெழுகேற்றிய தாள். பிரான்சில் லெ கிரே 1851இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், தாளுக்கு முதலில் மெழுகு ஊட்டிப் பின்னர் இரசாயனம் ஏற்றுவதால் அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளவும், படம் பதிந்த பின்னர் ஆறுதலாக உருத்துலக்கவும் முடிந்தது. உருத்துலக்கல் என்பது ஒளி பட்ட இடத்திலுள்ள வெள்ளி உப்பை இரசாயனத்தால் உலோக வெள்ளியாக மாற்றி, கண்ணுக்குப் புலப்படாத பதிவைப் புலப்படச் செய்யும் செயல். இருட்டறையைக் குன்றின் உச்சிக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய தேவை இம்முறையில் இல்லாததால், சூடான நாட்டில் நெடுந்தூரம் செல்வோருக்கு மெழுகுத்தாள் ஏற்றதாயிற்று.

ஆனால் அதே 1851இல் ஃபிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, தாளின் நார்கள் மழுக்கிவிடும் நுட்பங்களைக் கண்ணாடியில் கூர்மையாகத் தந்தமையால் சில ஆண்டுகளில் தாளைப் பின்தள்ளிவிட்டது. இம்முறையில் வேலை செய்தவரின் கைகள் ஓயாமல் இயங்க வேண்டியிருந்தது. நைத்திரிக்கமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்துப் பெற்ற பாகுடன் அயடைட்டு உப்பைச் சேர்த்து, துடைத்த கண்ணாடித் தகட்டின் நடுவில் ஊற்றி, அது நான்கு மூலைக்கும் ஒரே கனத்தில் பரவுமாறு தகட்டைச் சாய்த்துச் சுழற்றி, மிகுதியை ஒரு மூலையால் போத்தலுக்குள் வடித்தெடுக்க வேண்டும். பாகு இறுகத் தொடங்கியதும் தகட்டை இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் சொட்டச் சொட்ட மூடுசட்டத்திலிட்டு, கமராவில் செருகி ஒளி காட்டி, உடனே இருட்டுக்குள் கொண்டுவந்து இரும்புச் சல்பேற்றால் உருத்துலக்கி, நிலைநிறுத்திக் கழுவ வேண்டும். தகடு உலர்ந்தால் அதன் ஒளியுணர்வு கெட்டுவிடும். குளிர்நாட்டில் பத்து நிமிடம்வரை ஈரமாக நிற்கும் தகடு வெப்பநாட்டில், ஈதர் விரைந்து ஆவியாவதால், அதற்கும் முன்பே உலர்ந்தது.

இதனால் மலையேறும் நிழற்படக்காரர் ஓர் இரசாயனக்கூடத்தையே தம்முடன் கொண்டுசெல்ல நேர்ந்தது. அக்காலத்தில் படத்தைப் பெருப்பிக்கும் வசதி நடைமுறையில் இல்லை. எதிர்மறைத் தகட்டைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் படியெடுத்தமையால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய தகடும் அதற்கேற்ற கமராவும் தேவைப்பட்டன. 1863 முதல் 1866 வரை இமயமலையில் மூன்று நெடும்பயணங்களை மேற்கொண்ட சாமுவேல் போர்ன், பெருந்தகடுகள், இரசாயனப் போத்தல்கள், இருட்டறைக் கூடாரம், முக்காலி, உணவு ஆகியவற்றுக்காகப் பல பத்துச் சுமைகாரரை அமர்த்திக்கொண்டார். 1866இல் ஏறத்தாழ 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் அவர் எடுத்த படங்கள் பல ஆண்டுகளுக்கு உலகின் மிக உயர்ந்த இடத்தில் எடுக்கப்பட்ட படங்களாக விளங்கின. அவற்றின் தெளிவைப் போற்றுவோர், கண்ணாடிப் பெட்டிகளை வழுக்குப் பனியில் சுமந்து சென்ற பெயர் தெரியாத மனிதரையும் அப்படங்களின் ஆக்கத்தில் பங்காளிகளாகக் கொள்ள வேண்டும். ஆட்பலத்தை விலைக்கு வாங்க வல்லவருக்கே மலைப்படம் கைகூடிய காலம் அது.

இலங்கை மலைநாட்டின் அனுகூலம்

இலங்கையின் மலைகள் இமயமலையைப் போலக் கடுமையானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிச் செய்கைக்காக வெட்டப்பட்ட வீதிகளும், 1867இல் கண்டிக்குத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையும் பாரமான கருவிகளை மலையடிவரை கொண்டுசேர்த்தன. அதற்கப்பால் அவற்றைத் தூக்கிச்செல்லக் கூலியாட்கள் இருந்தனர். கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும், கண்டியிலும் கொழும்பிலும் சார்ல்ஸ் ஸ்கோவனின் கூடமும் தோட்டங்களையும் அருவிகளையும் கணவாய்களையும் படமாக்கி விற்றன. ஸ்கீன் நிறுவனத்தை நடத்தியவரின் தந்தையும் அரசாங்க அச்சகரும் ஆகிய வில்லியம் ஸ்கீன், சிவனொளிபாதமலையைப் பற்றி 1870இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பது அக்குடும்பத்துக்கு மலையின்மீதிருந்த ஈடுபாட்டைக் காட்டுகிறது. 1860களின் நடுப்பகுதியில் கண்டிக்கு வந்த ஜோசப் லோட்டன், 1870–71இல் தொல்லியற் குழுவின் பணிப்பின்பேரில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலனறுவை, சிகிரியா ஆகிய இடங்களை ஈரத்தகட்டில் பதிவுசெய்தார். உடல்நலம் குன்றி இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர் 1872இல் காலமானார்.

இவர்களுக்கு மலைநாடு அளித்த பெருங்கொடை நீர். பளிங்குருப் பாறைகளின்மேல் பெய்து ஓடையாகும் மழைநீரில் கரைந்த உப்புக்கள் மிகக் குறைவு. தகட்டைக் கழுவவும் கரைசல்களை ஆக்கவும் ஓரளவு பொருத்தமான நீர் பாதையோரத்திலேயே கிடைத்தது. இந்நீரின் அருமையை மற்றொருவரின் வாழ்க்கையும் உணர்த்துகிறது. உருவப்படக் கலையில் பெரும்புகழ் ஈட்டிய ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் தம் குடும்பத்தின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான படங்களை ஆக்கிய அவர் இங்கு எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. கொலோடியனுக்கு ஒவ்வாத வெப்பமும், படங்களைக் கழுவத் தூய நீர் போதியளவு கிடைக்காமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவருடைய இலங்கை வாழ்வின் ஒரு பகுதி களுத்துறைக் கரையோரத்தில் கழிந்ததை இங்கு கருத்தில் கொள்ளலாம்.

குடாநாட்டின் நீரும் வெப்பமும்

கரையோரத்தின் இத்தொல்லை குடாநாட்டில் பன்மடங்காகியது. இங்கு குடிக்கவும் இறைக்கவும் கிடைக்கும் நீர் சுண்ணக்கல்லின் பிளவுகளில் தேங்கிய நிலத்தடி நீர். அது கல்சியம் மிகுந்த வன்னீர், பல இடங்களில் கடலின் தொடர்பால் உவர்நீர். உவர்நீரிலுள்ள குளோரைட்டு, வெள்ளி நைத்திரேற்றுடன் சேர்ந்த கணமே வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டாகப் படியும். விலையுயர்ந்த வெள்ளிக் கரைசல் பால்போலக் கலங்கிப் பயனற்றுப் போகும். ஆகவே இங்கு இத்தொழிலை மேற்கொள்பவர் வெள்ளிக் கரைசலுக்கு மாரியில் சேகரித்த மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ நம்பியிருக்க வேண்டும். படியெடுத்த தாளிலிருந்து நிலைநிறுத்தியை, அதாவது ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்தகற்றும் சோடியம் தயோசல்பேற்றை, முற்றாக நீக்குவதற்கு நீரை மீண்டும் மீண்டும் மாற்றி நெடுநேரம் கழுவ வேண்டும். குறையக் கழுவிய படம் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கும். ஓடை நீர் தானாக ஓடிக் கழுவும் மலைநாட்டுக்கு மாறாக, இங்கு ஒவ்வொரு வாளியும் துலாவால் கிணற்றிலிருந்து இறைக்கப்பட வேண்டியது. எனவே யாழ்ப்பாணத்து நிழற்படக்காரரின் கருவிப் பட்டியலில் கமராவுக்கும் வில்லைக்கும் சமமாக மழைநீர்த் தொட்டியும் வடிகட்டும் துணியும் இடம்பெற வேண்டியிருந்தன.

இத்தகைய இரசாயன அறிவு குடாநாட்டுக்கு அந்நியமானது அன்று. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறி இயற்கை விஞ்ஞானத்தையும் வானியலையும் கற்பித்தது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு, இரசாயனவியலைக் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் 1875இல் தமிழ் நூலாக வெளியிட்டார். வெள்ளியும் அயடீனும் அமிலங்களும் எவ்வாறு ஒன்றோடொன்று தாக்கம் புரிகின்றன என்பதைத் தாய்மொழியில் அறிந்த ஒரு தலைமுறை இங்கு உருவாகியிருந்தது. இச்சூழலில்தான் நிழற்படம் எடுத்தல் குடாநாட்டவரின் தொழிலாக வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் இயங்கிய எஸ். கே. லோட்டனின் கூடம் அவற்றுள் பெயர்பெற்றது. கண்டியில் தொழில் புரிந்த ஜோசப் லோட்டனோடு இவரை மயங்கிக் கொள்ளலாகாது. மிஷன் பள்ளிகளில் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கின்போது அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களை இடும் வழக்கம் நிலவியதால், ஆங்கிலப் பெயரை மட்டும் கொண்டு அக்காலத்து ஒருவரை ஐரோப்பியர் எனக் கருதிவிட முடியாது.

1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் அறிவித்த செலற்றின் உலர்தகடு அடுத்த பத்தாண்டுக்குள் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தபோது, மலையேறுவோர் கூடாரத்தையும் வெள்ளிக் கரைசலையும் ஒரேயடியாகக் கைவிட்டனர். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படும் பசையாகிய செலற்றினில் வெள்ளிப் புரோமைட்டைக் கலந்து பூசிய இத்தகடு பல மாதங்கள் கெடாது; அதன் ஒளியுணர்வும் மிகுதியாகையால், முன்னர் பல விநாடி திறந்திருக்க வேண்டிய வில்லையை ஒரு நொடியின் சிறு பங்குக்குத் திறந்தாலே போதுமாயிற்று. மலையில் பெருஞ்சுமையைக் குறைத்த அதே தகடு குடாநாட்டில் ஒரு புதிய இடரைக் கொண்டுவந்தது. செலற்றின் இளஞ்சூட்டில் இளகும் பொருள். சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசுக்கு மேல் நிற்கும் யாழ்ப்பாணத்தில் உருத்துலக்கும்போது அது ஓரங்களில் சுருங்கிக் கண்ணாடியை விட்டு உரிந்துவிடக்கூடியது. வெப்பநாட்டு நிழற்படக்காரர் இதற்குக் கண்ட பரிகாரங்கள் எளியவை: வேலையை இரவின் பின்பகுதிக்கு ஒத்திவைத்தல், கரைசல்களை மண்பாண்டத்து நீரில் குளிரவைத்தல், படிகாரக் கரைசலில் தோய்த்துச் செலற்றினை இறுகச்செய்தல். 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில் இவற்றுள் எதுவும் தேவைப்படவில்லை. அங்கு உருத்துலக்கி மந்தமாக வேலை செய்யும் என்பதற்காக நேரத்தைச் சற்று நீட்டினால் போதும்.

குடாநாட்டின் காற்றும் கருவித் தெரிவில் தலையிட்டது. ஆடி ஆவணியில் வீசும் சோளகம் செம்மண் தூசியையும் கடலின் உப்பையும் சுமந்துவந்து, தோலால் செய்த கமராத் துருத்தியின் மடிப்புக்களிலும் பித்தளை வில்லைக் குழாயின் புரிகளிலும் படியவைக்கும். பசையால் ஒட்டிய ஐரோப்பிய மரப்பெட்டிகள் வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கப் பிளவுபட்டன. இதற்காகவே நன்கு உலர்ந்த தேக்கில், பித்தளை மூலைகளும் திருகாணிகளும் இட்டுச் செய்யப்பட்ட ‘வெப்பமண்டலக் கமரா’ என்ற தனிவகையை இங்கிலாந்துச் செய்வோர் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்காக விற்றனர். விலையும் பாரமும் கூடியிருந்தும், பல ஆண்டு உழைக்கும் என்பதால் இவ்வகைப் பெட்டியைத் தெரிவது வெப்பநாட்டுக் கூடங்களுக்கு ஆதாயமாகவே இருந்தது.

நிலையான கூடத்தில் மலை வேறொரு வடிவில் நுழைந்தது. உருவப்படம் எடுக்கும் கூடங்களில் இருப்போரின் பின்னால் தொங்கவிடும் வண்ணத்திரைகளில் தூரத்து மலையும் அருவியும் ஏரியும் தூண் வரிசையும் தீட்டுவது ஐரோப்பாவில் தொடங்கித் தென்னாசியா முழுவதும் பரவிய வழக்கம். திருமணக் கோலத்தில் தம்பதியரும், பட்டம் பெற்ற பிள்ளையும், ஓய்வுபெறும் உத்தியோகத்தரும் இத்திரைகளின் முன் அமர்ந்தோ நின்றோ படம் பிடிப்பித்தனர். மலையைக் கண்ணால் காணாத ஊரிலும் மலை கண்ணியத்துக்கும் செழிப்புக்கும் உரிய பின்னணியாகக் கொள்ளப்பட்டதற்கு, ஸ்கீன், ஸ்கோவன் போன்றோரின் மலைக்காட்சிப் படங்கள் அஞ்சலட்டைகளாகவும் ஆல்பங்களாகவும் பரவியமை துணைபுரிந்திருக்க வேண்டும். சுமைகாரரின் தோளில் ஏறிப் பெற்ற காட்சி இவ்வாறு துணியில் இறங்கிச் சாதாரணக் குடும்பங்களுக்கும் உரியதாயிற்று.

மூடுபனியும் நிறவுணர்வும்

மலைப்படத்தின் அடுத்த சிக்கல் ஒளி. கொலோடியனும் தொடக்ககாலச் செலற்றின் தகடுகளும் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்குணர்ந்தன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அவை ஏறத்தாழக் குருடாக இருந்தன. மலைத்தொடர்களுக்கிடையே நிற்கும் நீராவியும் தூசியும் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச்செய்வதால், கண்ணுக்கு மெல்லிய நீலமாகத் தெரியும் தூரத்து மலை தகட்டில் வானத்தோடு கலந்து வெறும் வெண்மையாகியது. முன்னணியிலுள்ள தேயிலைச் செடிகளோ கரும்பச்சை மறைந்து கறுப்பாகின. குடாநாட்டிலும் பனங்கூடல் கரிய திட்டாகவும் வானம் வெற்றுத்தாளாகவும் பதிந்தமைக்கு இதுவே காரணம். ஆயினும் இங்கு காட்சியின் ஆழம் சில நூறு யாருக்குள் அடங்குவதால் இழப்பு சிறிது. மைல்கணக்கான தூரத்தையே பொருளாகக் கொண்ட மலைப்படத்துக்கு அது பேரிழப்பு.

1873இல் ஜேர்மனியரான வோகல், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் மஞ்சளையும் உணரும் எனக் கண்டறிந்தார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமற்றிக் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றோடு நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் வடிகண்ணாடியை வில்லையின் முன் பொருத்தியபோது மூடலுக்குப் பின்னால் மறைந்திருந்த மலைவரிசைகள் படத்தில் வெளிப்பட்டன. வானில் முகில்களும் தோன்றின. பல கிலோகிராம் நிறையுள்ள வில்லையால் சாதிக்க முடியாததை உள்ளங்கையில் அடங்கும் ஒரு வண்ணக் கண்ணாடி சாதித்தது. மலைக்குச் செல்வோரின் பையில் வடிகண்ணாடி நிலையான இடம் பெற்றது அக்காலத்திலிருந்துதான்.

இம்மாற்றக் காலத்தில் மலைநாட்டில் நடந்த மிகப் பயனுள்ள நிழற்படப் பணியொன்று குடாநாட்டில் வேர்கொண்ட குடும்பத்தோடு தொடர்புடையது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையின் கனிப்பொருளியல் அளவீட்டுப் பணிப்பாளராக மலையும் காடும் அளந்து திரிந்தார். தோரியனைற்று என்ற புதிய கனியத்தை 1904இல் இனங்கண்டார். அப்பயணங்களில் அவரும் அவருடைய மனைவி எதெலும் கண்டிய நாட்டுக் கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் பட்டறைகளைத் தேடிச் சென்றனர். எதெல் எடுத்த நிழற்படங்கள் 1908இல் 425 படிகளாக வெளியான மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய குமாரசுவாமியின் பெருநூலில் இடம்பெற்றன. மலையுச்சியின் மாண்பைக் காட்டும் பெருந்தகட்டுப் படங்களுக்கு மாறாக, மலையில் வாழும் மனிதரின் கையையும் கருவியையும் நெருங்கிக் காட்டும் படங்களே அந்நூலுக்கு வேண்டப்பட்டன. எதைப் படம்பிடிக்க வேண்டும் என்ற நோக்கம் தெளிந்த பின்னரே எதைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பது முடிவாகும் என்ற உண்மைக்கு இப்பணி சிறந்த சான்று.

புகையிரதமும் கைக்கமராவும்

1905இல் வடக்குப் புகையிரதப் பாதை நிறைவுபெற்றதால் காங்கேசன்துறையிலிருந்து பொல்காவலைச் சந்திவரை சென்று மலைநாட்டுப் பாதைக்கு மாறிச் செல்லும் வாய்ப்புக் குடாநாட்டவருக்குக் கிடைத்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் நில அளவையாளராகவும் ஆசிரியராகவும் தீவெங்கும் பணியாற்றிய காலம் அது. கண்டி, ஹற்றன், நுவரெலியா, பதுளை முதலிய ஊர்களில் அவர்களின் குடும்பங்கள் குடியிருந்தன. கருவியின் வரலாறும் இவர்களுக்கு இசைவாகவே நகர்ந்தது. 1888இல் ஈஸ்ட்மன் விற்பனைக்கு விட்ட கொடக் கமரா சுருளில் பதிவுசெய்தது. 1900இல் ஒரு டொலருக்கு வந்த பிரவுனிப் பெட்டிக் கமரா நிழற்படத்தைச் சம்பளக்காரரின் எல்லைக்குள் கொண்டுவந்தது. துருத்தியை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் கமராக்கள் அதைத் தொடர்ந்தன. விடுமுறைக்கு ஊர் திரும்புபவர் தாம் வேலை பார்த்த மலைநாட்டின் படங்களை வீட்டாருக்குக் காட்டுவது, சுமைகாரரை வைத்தே மலைப்படம் எடுத்த தலைமுறைக்கு எட்டாத காரியமாக இருந்தது.

கைக்கமரா சிவனொளிபாதமலைக்கு மிகவும் பொருந்தியது. சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் தத்தம் மரபின்படி போற்றும் இம்மலைக்கு மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைகின்றனர். சூரியன் எழுந்ததும் மேற்கே பள்ளத்தாக்கின் மூடுபனிமேல் மலையின் நிழல் கூர்முக்கோணமாக விழுந்து, ஒவ்வொரு நிமிடமும் குறுகிச் சில நிமிடத்தில் கலைந்துவிடும். இதைப் பதிவுசெய்ய வேண்டியவருக்கு ஆயிரக்கணக்கான படிகளில் சுமந்து ஏறக்கூடிய இலேசான கமராவும், நிழல் முழுவதையும் அடக்கும் அகன்ற கோணமுள்ள வில்லையும், குளிரில் நடுங்கும் கைக்குத் துணையாக ஒரு சிறு முக்காலியும் போதும். 1934இல் பசில் ரைற் ஆக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்ற ஆவணப்படம் இம்மலை யாத்திரையைத் தன் முதற்பகுதியில் பதிவுசெய்தது. அப்படத்துக்குக் குரல் கொடுத்த லயனல் வென்ட், 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா போன்ற கைக்கமராக்களைக் கொண்டு, பெருங்கமராவைக் கையாள்வோர் நெருங்க முடியாத வேகத்தோடும் அணுக்கத்தோடும் இத்தீவின் மனிதரையும் நிலத்தையும் 1944இல் தாம் இறக்கும்வரை படமாக்கினார்.

மின்கலம் இல்லாத காலம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கமராவினுள் மின்னணுச் சுற்றுக்கள் புகுந்து, ஒளியை அளப்பதும் மூடியை இயக்குவதும் மின்கலத்தின் வேலையாயின. உயர்ந்த மலைகளில் கடுங்குளிரால் மின்கலம் விரைவில் வலுவிழப்பதால், மலையேறுவோர் பலர் வில்சுருளால் இயங்கும் பழைய பொறிமுறைக் கமராக்களையே தொடர்ந்து நம்பினர். 1990க்குப் பின் குடாநாட்டில் அதே நியாயம் முற்றிலும் வேறான காரணத்தால் எழுந்தது. போரினால் மின்விநியோகம் நின்றது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. படத்தைப் பெருப்பிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், பளிச்சுவிளக்குக்கு மின்கலம் வேண்டும் என்ற நிலையில், பகலொளியை அளந்தறியும் அனுபவமும் மின்கலம் வேண்டாத கமராவும் குடாநாட்டுப் படக்காரருக்கு மீண்டும் மூலதனமாயின. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பயண அனுமதி, வெளிநாட்டிலுள்ள மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் பெண்ணின் படம், இறந்தவரின் நினைவுப்படம் என ஒவ்வொரு குடும்பத்தின் அவசரத் தேவையும் கூடத்தின் வாசலில் வந்து நின்ற காலத்தில் அக்கருவிகள் ஆற்றிய பணி மிகப் பெரியது.

2009இல் போர் முடிந்து ஏ9 வீதியும், 2014இல் யாழ்ப்பாணம் வரையான புகையிரத சேவையும் வழமைக்குத் திரும்பிய பின்னர், மலைநாடு குடாநாட்டு இளையோருக்கு ஓரிரவுப் பயணத் தூரமாயிற்று. இவர்கள் கையிலுள்ள எண்முறைக் கமராக்களுக்கு வெள்ளிக் கரைசலும் கழுவும் நீரும் தேவையில்லை. ஆயினும் பழைய நான்கு நிபந்தனைகளும் உருமாறித் தொடர்கின்றன. குளிர்ந்த மலையிலிருந்து வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையோரத்துக்கு இறங்கும்போது வில்லையில் நீர் படிவதைத் தவிர்க்க, கமராவைக் காற்றுப்புகாத பையில் மூடி மெல்லச் சூடேறவிட வேண்டும். மலையின் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்காதிருக்க ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் வேண்டும். சோளகத்தின் உப்பு ஏறாதிருக்க நீர்த்தடுப்பு இணைப்புள்ள உடல் வேண்டும். ஹோட்டன் சமவெளியின் பனிக்குளிரில் மேலதிக மின்கலத்தை உடலோடு அணைத்து வைத்திருக்க வேண்டும். மூன்று வில்லைகளைச் சுமந்து களைத்து ஒன்றையே பயன்படுத்துவதைவிட, எடுக்க விரும்பும் படத்தை முன்னரே எண்ணி ஒரு வில்லையோடும் உறுதியான முக்காலியோடும் ஏறுவதே மேல் என்பது மெழுகுத்தாளைத் தெரிந்த ட்ரைப்பின் காலத்திலிருந்து மாறாத பாடம்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் குடாநாட்டில் வேகமாக அருகி வருகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் எடுத்ததோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கண்ணாடித் தகட்டுப் பெட்டிகளைத் தூக்கிச் செல்லும் நிலையில் எவரும் இருந்திருக்க முடியாது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளால் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆவணங்களும் எண்முறையில் காக்கப்படுகின்றன. அதே அக்கறை படங்களின் அட்டைகளுக்குப் பின்னால் அச்சிடப்பட்ட கூடங்களின் பெயர்களுக்கும், தேக்குக் கமராக்களுக்கும், வண்ணத்திரைகளுக்கும், பழைய படக்காரரின் கணக்குப் புத்தகங்களுக்கும் கிடைக்க வேண்டும். படம் ஒன்று அது எடுக்கப்பட்ட கணத்தைக் காட்டும். அதை எடுத்த கருவியோ, அதற்குக் கிடைத்த நீரையும் வெப்பத்தையும், சுமந்தவரின் உழைப்பையும், வாங்கியவரின் வசதியையும் சேர்த்துச் சொல்லும். எனவே குடாநாட்டின் நிழற்பட வரலாற்றைத் தொகுக்க முற்படுவோர் படங்களைத் தேடும் இடங்களிலேயே கருவிகளையும் தேடிப் பதிவுசெய்வது, இன்னும் காலம் கடந்துவிடாத, உடனடியாகத் தொடங்க வேண்டிய பணியாகும்.